கரூர் வருவதற்குள்

ஓசூரில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள் தெய்வானை. ஓசூரில் எதிர் சீட்டுக்கு ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு ஏறி, இடம் பார்த்து, சண்டை போட்டு, சமாதானமாகி உட்காருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. சரி, தர்மபுரி என்று வைத்துக்கொண்டாள். தர்மபுரியில் மகள் இந்துஜா தூங்கிக்கொண்டிருந்தாள். ஏழு மாதம் முடிந்த வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்து, முழங்கை வரை அடுக்கிய கண்ணாடி வளையல் வண்டி ஆடுகிற ஆட்டத்துக்கெல்லாம் சிணுங்க, வாயை லேசாகத் திறந்து தூங்குகிற பெண்ணை உலுக்கி எழுப்பி, கண்ணு, நான் உங்கப்பாவை விட்டுத் தனியாகப் போய் ஒன்பது மாசம் ஆச்சு என்று எந்தத் தாய் சொல்லுவாள். ஆகவே சேலம் என்று முடிவாயிற்று. சேலத்தில் வண்டி நின்று நிதானித்துப் போகும், எதிர் சீட்டுக் குடும்பமும் அங்கேதான் இறங்குகிறதாம், கேட்டு வைத்துக்கொண்டாள். முடிவு செய்துவிட்ட நிம்மதியில் ஓமலூர் வரை ஜன்னலுக்கு வெளியே கல்லையும் மலையையும் வேடிக்கை பார்த்தாள். தள்ளிப்போடுவதில் தெய்வானைக்கு இருக்கிற திறமைக்கு யாராவது பட்டமே கொடுக்கலாம். பதினாறு வருஷமாகத் தள்ளிப்போட்டதை ஒரு ரயில் பயணத்தில் முடித்துவிட முடியுமா என்ன. ஆனால் கரூர் வருவதற்குள் முடித்தாக வேண்டும், அதற்கு மேல் தள்ள ஊர் கிடையாது, கரூரில் இறங்கினால் ஆட்டோக்காரர் எங்கேம்மா போகணும் என்று கேட்பார், அப்போது ஏதாவது ஓர் இடத்தைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

கைப்பையின் உள் ஜிப்பில் இரண்டு சாவி கிடந்தது. ஒன்று கரூர் பசுபதிபாளையத்து வீட்டுக்கு. இந்து பிறந்து வளர்ந்த வீடு. இப்போது அங்கே கணவர் செல்லமுத்து மட்டும் இருக்கிறார், மோட்டாருக்குக் காயில் கட்டுகிற தம் கடையிலிருந்து வந்து, கையில் கிரீஸோடு கதவைத் திறந்து, டிவியைப் போட்டுக்கொண்டு. இன்னொன்று அதே ஊர்க் காந்திகிராமத்தில் மாடியில் ஒற்றை அறைக்கு. ஒரு கட்டில், ஒரு மேடை அடுப்பு, மொட்டை மாடியில் துணி காயப்போட எவ்வளவு வேண்டுமானாலும் இடம். பெங்களூரில் சம்பந்தி வீட்டில் மூன்று நாளைக்கு முன்னால் வளைகாப்பு முடிந்தது. தாய் வீட்டுக் கட்டுச்சோறு என்று ஒன்பது வகைச் சோறு கட்டிக்கொண்டு போனாள். கணவனும் மனைவியும் வேறு வேறு வண்டியில் போய் இறங்கினார்கள், அவருக்குக் கடையில அவசர வேலை என்றதும் எல்லாரும் நம்பினார்கள், பக்கத்தில் பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். அன்று மாலையே அவர் திரும்பிவிட்டார். இன்று தெய்வானை முறைப்படி மகளைப் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு போகிறாள். எந்த வீட்டுக்கு? கூட வேலை பார்க்கிற ராஜாமணி வழி சொல்லியிருந்தாள். "நாலு மாசம் போய் அந்த வீட்டுல இரு தெய்வானை. குழந்தை பொறந்து, பொண்ணு ஊருக்குப் போனதும் உன் ரூமுக்கு வந்துரு. அந்த மனுசன் என்ன கேக்கப் போறாரு? அவருதான் பேசவே மாட்டாரே!" சொல்லிவிட்டு ராஜாமணி சிரித்தாள், தெய்வானையும் சிரித்தாள், யோசித்துப் பார்த்தால் அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது, அதனால்தான் பழைய வீட்டுச் சாவியும் பையில் இருந்தது. ஒன்பது மாதம் மறைத்தவளுக்கு இன்னும் நாலு மாதம் பெரிசா. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இந்து வீடியோவில் கூப்பிடுவாள். பழைய வீட்டு ஹாலில் தொங்குகிற அதே பச்சைக் கட்டம் போட்ட திரைத்துணி, அவள் வேலை பார்க்கிற கம்பெனியில் கழித்துப்போட்டது, இன்னொரு துண்டு இருந்தது. அதை அறையில் கயிறு கட்டித் தொங்கவிட்டு அதற்கு முன்னால் உட்கார்ந்து தெய்வானை பேசுவாள். அப்பா எங்கேம்மா? கடைக்குப் போயிட்டாரு கண்ணு. ஞாயித்துக்கிழமை கூடவா? ஆமா, யாரோ விவசாயி, தண்ணி பாய்ச்சோணுமாம். பொய் இவ்வளவு சரளமாக வருமென்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது, யாரிடமிருந்து இந்தத் திறமை ஒட்டிக்கொண்டது என்று நினைத்தாள், பிறகு நினைக்க வேண்டாமென்று விட்டுவிட்டாள்.

வீட்டைவிட்டு வந்ததற்கு அடி இல்லை, உதை இல்லை, குடி இல்லை. இதுதான் சொல்வதில் இருக்கிற பெரிய கஷ்டம். அடித்தார் என்றால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். அவர் பேசவில்லை என்று சொன்னால் கேட்கிறவர்கள், அதுக்கென்ன, எத்தனை ஆம்பளைங்க பேசறாங்க என்பார்கள். இந்துவுக்குப் பத்து வயசு இருக்கும்போது தெய்வானையின் தங்கை மரகதம் வேறு சாதிப் பையனைக் காதலித்தாள். ரிஜிஸ்தர் ஆபீசில் சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் இல்லாமல் அக்காவிடம் வந்து நின்றாள், கூப்பிடுகிறவள் மாதிரி இல்லை, பரீட்சைக்குப் பேனா இல்லாத பிள்ளை மாதிரி நின்றாள். செல்லமுத்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார், "கையெழுத்துப் போட்டுட்டு வந்தியன்னா அப்பறம் எங்கூடப் பேச்சு வச்சுக்காதே." தெய்வானை போய்க் கையெழுத்துப் போட்டாள். தமிழில், முழுப் பெயரையும், குண்டு குண்டாக. திரும்பி வந்தாள். அவர் பேசவில்லை. சொன்ன சொல் தவறாத ஆள் என்று ஊரில் செல்லமுத்துவுக்கு நல்ல பெயர், மோட்டாரை வியாழக்கிழமை தருகிறேன் என்றால் வியாழக்கிழமை தருவார். அவளுக்கும் ரோஷம் கொஞ்ச நஞ்சம் இல்லை, அவராகப் பேசட்டும் என்று ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது, தீபாவளி வந்தது, புதுத்துணி எடுத்தார்கள், பேசாமலே எடுத்தார்கள். பேசாமல் வீடு எப்படி நடந்தது என்றால் இந்து இருந்தாள். ஹாலில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். இந்து, உங்கம்மாகிட்ட சொல்லு, நாளைக்கு வெள்ளனே போகணும்னு. இந்து ஓடி வருவாள். இந்து, உங்கப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீந்து போச்சுன்னு. இந்து ஓடிப் போவாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தக் குழந்தை ஓடின ஓட்டம். விளையாட்டு மாதிரி இருந்தது அதற்கு. அவளுக்கும் அவருக்கும்கூட அது வசதியாகிப் போயிற்று, அதுதான் வெட்கம், வசதியாகிப் போயிற்று. கடைசியில் இந்து தன் கல்யாணத்தையே இப்படித்தான் முடித்துக்கொண்டாள். கூட வேலை பார்க்கிற பிரசன்னா மேல் ஆசைப்பட்டாள், அவனும் வேறு சாதி. அம்மா சம்மதம் என்று அப்பாவிடம் போய்ச் சொன்னவளும் அவள்தான், அப்பா சரின்னுட்டாரு என்று அம்மாவிடம் வந்து சொன்னவளும் அவள்தான். தங்கைக்கு ஆகாதது மகளுக்கு மட்டும் எப்படி ஆயிற்று என்று அவரைக் கேட்க தெய்வானைக்கு நாக்கு துடித்தது. இதையும் இந்துவிடமே சொல்லியனுப்ப முடியாதே. அதனால் கேட்கவில்லை.

சேலம் வந்தது. எதிர் சீட்டுக் குடும்பம் ஏறின மாதிரியே சண்டை போட்டுக்கொண்டு இறங்கிப் போயிற்று. இந்து கண்ணைத் தேய்த்து எழுந்து, வீங்கின காலை எதிர் சீட்டில் நீட்டி, "அம்மா, அந்தப் புளிச்சோறு மிச்சம் இருக்குதா?" என்றாள். தெய்வானை டப்பாவைத் திறந்து கொடுத்தாள். இப்போது சொல்ல வேண்டியதுதான். வாயைக்கூடத் திறந்துவிட்டாள். இந்துவின் போன் அடித்தது. அப்பா. கை சோறாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்தாள். எங்க வந்திருக்கீங்க, என்றது போன். "சேலம்ப்பா." ம். நான் டேசனுக்கு வந்தர்றேன். "நீங்க எதுக்குப்பா, நாங்களே வந்துருவோமே." இல்ல, வாரேன். "சரிப்பா. அம்மா பக்கத்துலதான் இருக்குது." போன் சும்மா இருந்தது. கடையில் கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது, யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். "அப்பா?" ம். வச்சரட்டுமா. அவ்வளவுதான், வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பிளாட்பாரத்தில் வடை விற்கிறவர் கத்திக்கொண்டு போயிருந்தார், தெய்வானையும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள், அம்மா கேட்கவில்லை என்று இந்து நினைத்திருக்க வேண்டும். ஒரு வாய் சோற்றை மென்று விழுங்கிவிட்டு, கண்ணிமைக்காமல், "அப்பா ஸ்டேஷனுக்கு வர்றாராம்மா. உன்னையத்தான் கேட்டாரு. பெங்களூர் குளிரு உனக்கு ஒத்துக்காது, சளி கிளி புடிச்சிருக்கான்னு கேக்கச் சொன்னாரு" என்றாள்.

தெய்வானை ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. இதுதான். காதால் கேட்டாயிற்று. இத்தனை நாளாக இருந்தது சந்தேகம், இனி அது சந்தேகம் இல்லை. திரைச்சீலை, மேஜை விரிப்பு தைத்து அனுப்புகிற கம்பெனியில் எட்டு வருஷமாக அவளுக்குச் செக்கிங் வேலை. கண்ணாடி மேஜைக்குக் கீழே விளக்கு எரியும், மேலே துணியை இழுத்து ஓட்டுவார்கள், ஓர் இழை விட்டுப் போயிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது, அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவாள். அப்பேர்ப்பட்ட கண், வீட்டில் பதினாலு வருஷமாகக் கோட்டை விட்டிருக்கிறது. அம்மா, நீ இருமறது அப்பாவுக்குக் கேக்குதாம், சுக்குத்தண்ணி வச்சுக் குடிக்கச் சொன்னாரு. அம்மா, அந்த ஊதாப் புடவை உனக்கு எடுப்பா இருக்குன்னாரு. அம்மா, இன்னிக்கு ரசம் சூப்பர்னாரு. செல்லமுத்து தம் வாழ்நாளில் சூப்பர் என்று எதையும் சொன்னதில்லை, அவருக்கு எல்லாமே பரவாயில்லைதான். அப்போது இது ஏன் உறைக்கவில்லை? உறைக்க வேண்டாம் என்று இருந்ததோ என்னவோ. அந்த வார்த்தைகளை அவள் தின்று உயிர் வாழ்ந்தாள். வாயால் பேசாத மனுசனுக்கு மனசில் இவ்வளவு இருக்கிறதே என்று ஊதாப் புடவையை அடிக்கடி கட்டினாள். நாற்பது வயசில் கண்ணாடி முன்னால் கூடுதலாக ஒரு நிமிஷம் நின்றாள். அவர் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் புடவையோடு குறுக்கே இரண்டு முறை நடந்திருக்கிறாள், அட, என்ன கூத்து, அவர் தலையை நீட்டிச் செய்தி பார்த்ததுகூட அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு, இரண்டு வருஷத்துக்கு முன்னால், இந்து கல்யாணமாகிப் போனாள். வீடு கம்மென்று ஆயிற்று. அவர் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைப்பார். அரிசி. கேஸ். கரண்ட் பில். அவள் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், இன்னொரு வார்த்தை எங்காவது இருக்குமென்று. ஒரு முறை மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாள். மேஜையில் ஒரு ரொட்டிப் பாக்கெட் இருந்தது, வாங்கி வைத்திருந்தார், அதை இல்லை என்று சொன்னால் பாவம். ஆனால் சுக்குத்தண்ணி குடி என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் காய்ச்சலில்தான், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து விளக்கின் மேல் ஓட்டிப் பார்த்தாள். எல்லாம் இந்துவின் வார்த்தை. எடுப்பா இருக்குது, இந்து சொல்வது. சூப்பர், இந்து சொல்வது. பத்து வயசில் ஆரம்பித்து ஒரு குழந்தை தன் அப்பாவையும் அம்மாவையும் காதலிக்க வைத்திருக்கிறது, ஆள் வைத்து நடத்தின மாதிரி நடத்தியிருக்கிறது. அவள் போனதும் கடை மூடியாயிற்று. தை மாதத்தில் தெய்வானை ஒரு காலண்டர் தாளில், நான் தனியாக இருக்கப் போகிறேன் என்று எழுதி மேஜையில் வைத்தாள். அவர் படித்தார். வாசலில் நின்றார், கையைக் கந்தல் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். ஆட்டோக்காரர் கிளம்பலாமாக்கா என்று மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் இருங்க தம்பி என்றாள். அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ராசிபுரம் போயிற்று. சொல், சொல் என்றது மனசு, என்ன சொல்வது என்று திரும்பக் கேட்டது. விட்டு வந்தேன் என்று சொல்லலாம், அது சுலபம். ஏன் என்று கேட்பாள். நீ சொன்னதெல்லாம் பொய்யென்று தெரிந்துபோயிற்று, அதனால் வந்தேன் என்று எப்படிச் சொல்வது? அந்தப் பிள்ளை பதினாலு வருஷம் தூக்கிச் சுமந்ததைக் கொண்டுவந்து அதன் தலையிலேயே போடுவதா? ஏழு மாதக்காரி. நான் கல்யாணம் பண்ணிப் போகாமல் இருந்தால் இவர்கள் சேர்ந்தே இருந்திருப்பார்கள் என்று நினைத்து நினைத்து அழமாட்டாளா? சம்பந்தியம்மா என்ன சொல்வாள், அது கிடக்கட்டும், சம்பந்தியம்மா எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பாள். பேசாமல் ராஜாமணி சொன்ன மாதிரி நாலு மாதம் பசுபதிபாளையத்திலேயே இருந்துவிட்டால்? நேற்று வரை தெய்வானை அந்த எண்ணத்தில்தான் இருந்தாள். நேற்று மத்தியானம்தான் அது கெட்டது. இந்துவுக்கும் பிரசன்னாவுக்கும் ஏதோ சின்ன மனஸ்தாபம், கூட வந்து விட மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சோபாவில் சாய்ந்து, வயிற்றைத் தட்டி, "பாப்பா, உங்கப்பாகிட்ட சொல்லு, டிக்கெட் பிரிண்ட் எடுத்தாச்சான்னு" என்றாள். பிரசன்னா சிரித்துக்கொண்டே குனிந்து, "பாப்பா, உங்கம்மாகிட்ட சொல்லு, அப்பவே எடுத்தாச்சுன்னு" என்று வயிற்றுக்குப் பதில் சொன்னான். சம்பந்தியம்மா கூடச் சிரித்தாள். தெய்வானைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த தண்ணீர் சொம்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் சமையல்கட்டுக்குப் போய் நின்றாள். விளையாட்டுத்தான், எல்லா வீட்டிலும் பண்ணுகிற விளையாட்டுத்தான். ஆனால் இந்தப் பிள்ளைக்கு இதைத் தவிர வேறு வழி யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கோபம் வந்தால் நேராகத் திரும்பி உன்மேல் எனக்குக் கோபம் என்று சொல்கிற ஒரு பொம்பளையை இந்து அந்த வீட்டில் ஒருநாளாவது பார்த்திருக்கிறாளா? பிறக்காத குழந்தைக்கு இப்போதே வேலை கொடுத்தாயிற்று.

நாமக்கல்லில் ஒருவரும் ஏறவில்லை. வண்டி நகர்ந்தது. தெய்வானை டப்பாவை மூடி, வெறும் டப்பாவை இரண்டு முறை திறந்து மூடி, "இந்து" என்றாள்.

"ம்."

"ஞாயித்துக்கெழம போன்ல பாக்கறயே, எனக்குப் பின்னாடி பச்சைக் கட்டம் போட்ட தெரை. அது நம்ம வீடு இல்ல கண்ணு. நான் காந்திகிராமத்துல ஒரு ரூம் எடுத்து இருக்கறேன். உங்கப்பா அங்க, நான் இங்க."

வளையல் சத்தம் நின்றது. சொல்லியாயிற்று, அவ்வளவுதான், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை, வெளியே ஒரு கோழிப்பண்ணை போயிற்று, நீளமாக, அதற்குப் பின்னால் இன்னொரு கோழிப்பண்ணை.

"எப்போ இருந்து?"

"தை மாசத்துல இருந்து."

"சண்டையா?"

"சண்டை போடறதுக்குப் பேசோணுமே."

இந்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வந்த சிரிப்பு பாதியிலேயே கோணிக்கொண்டு அழுகையாகப் பார்த்தது, அதை முழுங்கினாள். "அப்புறம் ஏன்மா?" என்றாள். கேட்டாயிற்று. ஏன் என்பதற்கு தெய்வானை ராசிபுரத்திலிருந்து ஏழெட்டுப் பதில் யோசித்து வைத்திருந்தாள். வேலைக்கு அங்கிருந்து போவது பக்கம், கால் வலி, தனியாக இருந்து பார்க்க ஆசை. அவை எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். "வீடு ரொம்பச் சத்தமில்லாம இருந்துச்சு கண்ணு" என்றாள், அது உண்மை. உண்மையை இவ்வளவு குட்டையாக வெட்டியும் இந்து பிடித்துக்கொண்டாள்.

"நான் போனதுக்கப்புறமா?" என்றாள். கொஞ்ச நேரம் விரலால் சீட்டைக் கீறினாள். "அப்ப உனக்குத் தெரிஞ்சு போச்சு."

அதற்குள் காவிரிப் பாலம் வந்துவிட்டது. மோகனூரைத் தாண்டி வண்டி பாலத்தில் ஏறியதும் தடதடவென்று ஊரே இடிகிற சத்தம், பேசினால் கேட்காது, இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தார்கள். ஐப்பசித் தண்ணீர், கரை முட்டப் போயிற்று. தெரிந்துபோயிற்று என்று சொல்லிக்கொள்வதற்குக்கூட ஒரு சத்தம் தேவையாக இருக்கிறது போல. தெய்வானை மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். திட்டப்போகிறேன் என்று நினைக்கிறாளா? எத்தனை நாள் ராத்திரி படுத்துக்கொண்டு நாளைக்கு அம்மாவுக்கு அப்பா என்ன சொல்ல வேண்டுமென்று யோசித்திருப்பாள் இந்தப் பிள்ளை. கணக்குப் பாடத்தில் அவ்வளவு குறைவாக மார்க் வாங்கினாளே, அதற்குக் காதைத் திருகினேனே. பாலம் முடிந்தது. சத்தம் அடங்கினதும் இந்துதான் பேசினாள், தண்ணீர் இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு.

"நான் சேத்துச் சொன்னதெல்லாம் இருக்கட்டும்மா. அப்பா நெசமாவே ஒண்ணு சொன்னாரு. அதை மட்டும் நான் உங்கிட்டச் சொல்லல."

"எப்போ?"

"ஏழாவது படிச்சேன். அன்னிக்கு மரகதம் சித்தி புள்ளயத் தூக்கிட்டு அப்பா கடைக்குப் போயிருக்குது. அவரு வாங்கி மடியில வச்சிருந்தாராம். அன்னிக்குப் பொழுதோட சாப்பிட உக்காந்தப்ப என்னையக் கூப்பிட்டாரு. மெதுவா, 'உங்கம்மாகிட்ட சொல்லு, நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுன்னு' சொன்னாரு. நான் உள்ள வந்தேன். நீ தோசை ஊத்திட்டு இருந்தே. என்னவாம்னு கேட்டே. நான்..." இந்துவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "அப்பாவுக்கு இன்னொரு தோசை வேணுமாம்னு சொல்லிட்டேன்."

தெய்வானை ஜன்னலிலிருந்து மகள் பக்கம் திரும்பினாள்.

"நீ ஊத்திக் குடுத்தே. நான் கொண்டுபோய் அவரு தட்டுல வச்சேன். அதையே பாத்துட்டு இருந்தாரும்மா. திங்கல. கை கழுவிட்டு எந்திரிச்சுட்டாரு. அதுதான் உன்ற பதில்னு நெனச்சுட்டாரு."

"ஏங்கண்ணு அப்படிச் சொன்னே?"

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டா அப்புறம் என்னைய யாரு கூப்புடுவாங்கன்னு பயமா இருந்துச்சு. அதுக்கப்புறம் அவரு எதுவுமே சொல்லல. அதனாலதான் நான் நெறைய நெறையச் சொன்னேன்."

தெய்வானை அந்தத் தோசையைத் தேடினாள். பதினாலு வருஷத்துத் தோசைகளில், கல் காய்ந்து, காயாமல், ஓரம் முறுகி, பிய்ந்து, ஊற்றி ஊற்றி எடுத்த ஆயிரம் ஆயிரம் தோசைகளில், ஒருநாள் சாயங்காலம் ஊற்றிய அந்த ஒன்று எங்கே? ஞாபகமே இல்லை. அன்று என்ன சட்டினி என்றுகூட ஞாபகம் இல்லை. அது கூடுதலான ஒரு தோசையாகத்தான் இருந்தது, மாவு மிச்சம் இருக்கிறதே என்று சந்தோஷமாகக்கூட ஊற்றியிருப்பாள். ஒரு மனுசன் மன்னிப்புக் கேட்டிருக்கிறான், அவள் நெய் விட்டுத் தோசை அனுப்பியிருக்கிறாள். ஐயோ. சிரிப்பு வந்தது, நெஞ்சு வலித்தது, இரண்டும் ஒரே இடத்தில் இருந்தது. கோபம் வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. மகள் மேல் வரவில்லை. பன்னிரண்டு வயசு, எண்ணெய் வழியும் ரெட்டை ஜடை, கையில் தட்டோடு ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடுவில் நிற்கிற பிள்ளை, அது மேல் என்ன கோபம். அந்த வீட்டின் ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடுவில் கதவுகூடக் கிடையாது. நடந்தால் எட்டு அடி. அவர் எழுந்து எட்டு அடி வைத்திருக்கலாம். தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நாலு அடி வைத்திருந்தாலும் போதும், மீதி நாலை அவள் வைத்திருப்பாள். அவள்தான் வைத்திருக்கலாமே, என்னவாம் என்று பிள்ளையைக் கேட்டதற்குப் பதிலாகக் கரண்டியோடு ஹாலுக்கு வந்து என்னங்க என்று கேட்டிருந்தால் கரண்டி தேய்ந்தா போயிருக்கும்.

"எட்டடி கண்ணு" என்றாள். இந்து புரியாமல் பார்த்தாள். "ஹாலுக்கும் அடுப்புக்கும் எட்டடி. அதை நடக்கறதுக்கு ரெண்டு பெரியவங்களுக்கு முடியல. உன்ற மேல என்ன இருக்குது? நாங்கதான் உன்னையப் போட்டு ஓட ஓட வெரட்டுனோம். நீ ஒரு தப்பும் பண்ணல சாமி. கேட்டியா? ஒண்ணும் பண்ணல. இனி நீ ஆருக்காகவும் எதையும் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டாம். உனக்கு என்ன தோணுதோ அதை மட்டும் சொல்லு."

இந்து அம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள், பெரிய வயிறு இடையில் இடித்தது, அதனால் கோணலாக, கழுத்தை நெளித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே, "எனக்கு உன்ற மேல கோவமா வருதும்மா. ஒம்பது மாசம் எங்கிட்டச் சொல்லவே இல்ல" என்றாள். "வரட்டும். நல்லா வரட்டும்" என்றாள் தெய்வானை. இதைவிட நல்ல வார்த்தையை மகள் வாயால் அவள் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாகிட்டப் பேசுவியா?" என்று தோளிலிருந்தே ஒரு கேள்வி வந்தது. தெரியவில்லை. பேசினால் திரும்பிப் போய்விட வேண்டுமென்று இல்லை. அந்த அறை அவளுக்குப் பிடித்திருக்கிறது, காலையில் மொட்டை மாடியில் காபி குடிக்கப் பிடித்திருக்கிறது. பதினாறு வருஷத்தை ஒரு தோசையில் வைத்துக் கட்டிவிட முடியாது. ஆனால் பேசுவது வேறு, போவது வேறு இல்லையா, இரண்டையும் ஏன் இத்தனை நாள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டாள். யோசித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி வேகம் குறைந்தது. வழக்கமாக அரை மணி முன்னாலேயே சாமானையெல்லாம் கதவுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நிற்கிறவள், இன்று செருப்பைக்கூடத் தேடி மாட்ட வேண்டியிருந்தது.

கரூர் பிளாட்பாரத்தில் செல்லமுத்து நின்றார். வெள்ளைச் சட்டை, புதிதாகச் சவரம் பண்ணின முகம், நகக்கண்ணில் மட்டும் போகாத கறுப்பு. இந்துவைக் கைத்தாங்கலாக இறக்கினார். தெய்வானை அவளுக்குப் பின்னால் இறங்கினாள். அவர் தெய்வானையைப் பார்த்தார், பிறகு பழக்கத்தில் இந்துவின் பக்கம் திரும்பி, "உங்கம்மாகிட்ட..." என்று ஆரம்பித்தார். இந்து டீக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டமென்று கழுத்தில் தெரிந்தது, ஆனாலும் திரும்பவில்லை. அவர் ஆரம்பித்த வார்த்தை அங்கேயே நின்றது, எடுத்துக்கொண்டு போக ஆள் இல்லை.

"ஏனுங்க" என்றாள் தெய்வானை.

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"செவப்புப் பையி சீட்டுக்கு அடியில இருக்குது. வண்டி எடுக்கறதுக்குள்ள எறக்குங்க."

அவர் ஐம்பத்தெட்டு வயசுக்கு ஆகாத வேகத்தில் தாவி ஏறினார். வண்டி ஊதிவிட்டது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தார், மூச்சு வாங்கிற்று. பையைக் கீழே வைக்கவில்லை. பையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் அவளைத்தான் கேட்டார்.

"எங்க கொண்டாரட்டும்?"

"காந்திகிராமத்துக்கு" என்றாள் தெய்வானை. "மாடிப்படி ஏறோணும். பத்தொம்பது படி."

"ஏறிக்கறேன்" என்றார்.